மலையில்லாத கடலூருக்கு மலைமழை ஆராய்ச்சி எதற்கு?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வளிமண்டல அறிவியலாளர் ராபர்ட் ஹௌஸ், புயல்களையும் மலைகளில் பெய்யும் மழையையும் பற்றி அப்படி என்னதான் கண்டறிந்தார் என்பது ஒன்று. கேப்பர் மலை என்னும் மேட்டைத் தவிர வேறு மலையைப் பார்த்தறியாத கடலூருக்கும், அதுகூட இல்லாத புதுச்சேரிக்கும் அந்த ஆராய்ச்சியால் என்ன பயன் என்பது மற்றொன்று. இயற்பியல் படிக்கும் மாணவி என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் சில எண்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடலாம். மலை தானாகவே மழையைப் படைப்பது அரிது. வேறெங்கோ உருவாகி வருகிற மழையமைப்பு சுமந்துவரும் நீரை எங்கே, எவ்வளவு விரைவாக இறக்கவைப்பது என்பதையே அது பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அவ்வாறு இறங்கும் இடம் தென்பெண்ணையின் அல்லது வெள்ளாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியாக அமைந்துவிட்டால், கடலூரில் தூறல்கூட விழாத நாளில் கடலூரின் தெருக்களில் படகு விட வேண்டிய நிலை வரும். ஆகவே புயலின் தன்மையைப் படிக்காமல் மலைமழையைப் படிக்க முடியாது. ஹௌஸ் இவ்விரண்டையும் ஒரே ஆராய்ச்சியாக நடத்தியதற்குக் காரணம் அதுவே.

அவர் 1972இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1974இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில், பல நாடுகளின் கப்பல்கள் ரேடார்களுடன் நிறுத்தப்பட்டு, வெப்பமண்டல மேகக்கூட்டங்களைப் பற்றிய ‘கேட்’ என்னும் பெரிய கள ஆய்வு நடைபெற்றது. அதில் கிடைத்த ரேடார் பதிவுகளிலிருந்து அவர் வலியுறுத்திக் காட்டிய செய்தி, இன்று பாடநூல்களில் சாதாரணமாக இடம்பெறுகிறது: வெப்பமண்டலப் பெருமழை ஒரே வகை மழை அன்று. உயரமான குவிமேகங்களில் காற்று விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் மேலெழும்போது சிறிய பரப்பில் கடுமையாகக் கொட்டுவது வெப்பச்சலன மழை. அந்த மேகங்கள் முதிர்ந்து, அவற்றின் மேற்பகுதி பரந்த படலமாக விரிந்து, அங்கிருந்து பனிப்படிகங்கள் மெதுவாக இறங்கி, ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் உருகி, பெரும்பரப்பில் சீராகப் பெய்வது அடுக்குமேக மழை. ஐப்பசியில் நம் ஊரில் முதல் அரைமணி நேரம் ஓட்டைப் பிளப்பதுபோல் அடித்துவிட்டு, பிறகு விடாமல் மணிக்கணக்கில் ஒரே சீராகப் பெய்யும் மழையைப் பார்த்த எவருக்கும் இது புதிதாக இருக்காது. ஆனால் பின்னதை முன்னதன் எச்சம் என்று ஒதுக்கிவிடாமல், அதற்கென்று தனியான காற்றோட்டமும் தனியான வெப்பப் பகிர்வும் உண்டு என்று காட்டியதில்தான் அந்த ஆய்வின் மதிப்பு இருக்கிறது.

அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் ஏவிய ‘டிரிம்’ செயற்கைக்கோள், மழையை அளக்கும் ரேடாரை முதன்முதலாக விண்ணுக்குக் கொண்டுசென்றது. அதன் பதிவுகளைக் கொண்டு கோர்ட்னி ஷூமாக்கரும் ஹௌஸும் 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, வெப்பமண்டலத்தில் மழை பெய்யும் பரப்பில் 73 விழுக்காடு அடுக்குமேக மழைக்குரியது. மொத்த மழைநீரில் அதன் பங்கு 40 விழுக்காடு. தெருவை நனைப்பது எந்த வகை என்று நாம் கவலைப்படுவதில்லை. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெருமாள் ஏரியும் நிரம்புவதற்குப் பரந்த பரப்பில் நீண்ட நேரம் பெய்யும் மழை தேவைப்படுகிறது என்பதையும், ஒரு வாய்க்கால் உடைவதற்கு அரைமணி நேரக் கொட்டலே போதும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பாகுபாடு வெறும் ஏட்டுக்கல்வி இல்லை என்பது விளங்கும்.

மலைக்குப் போவதற்கு முன் கடற்கரைக்கு நேரடியாகப் பொருந்தும் ஓர் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். 1978 டிசம்பரில் போர்னியோத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் நடந்த குளிர்காலப் பருவமழை ஆய்வில், ஹௌஸும் அவருடைய குழுவினரும் ரேடாரில் ஓர் ஒழுங்கைக் கண்டனர். இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கடலின் மேல் எதிரே வரும் வடகிழக்குப் பருவக்காற்றைச் சந்திக்கிறது, நள்ளிரவை ஒட்டிக் கரைக்குச் சற்று அப்பால் குவிமேகங்கள் எழுகின்றன, காலைக்குள் அவை முதிர்ந்து அடுக்குமேக மழையாகப் பரவுகின்றன, பிற்பகலில் கலைகின்றன. நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுப்பதற்கும் நிலக்காற்றின் இந்தத் தலையீடு ஒரு முக்கியக் காரணம். தேவனாம்பட்டினத்து மீனவர்களிடம் பேசினால், ரேடார் இல்லாமலே இதைப் பல தலைமுறைகளாக அறிந்திருப்பது தெரியும். அவர்களுடைய அறிவைப் புள்ளிவிவரமாக மாற்றாமல் விட்டுவிட்டது நம்முடைய குறை என்பது என் கருத்து.

இனி மலை. காற்று மலையில் மோதி மேலெழுகிறது, குளிர்கிறது, மழை பெய்கிறது என்று பள்ளியில் படிக்கிறோம். அந்த விளக்கம் தவறில்லை. ஆனால் அளவைச் சொல்லாததால் பாதியில் நின்றுவிடுகிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, 20 கி.மீ. தொலைவுக்குள் 1 கி.மீ. உயரம் ஏறும் சரிவைச் சந்தித்தால், அது மேலெழும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர்தான். வலுவான இடிமேகத்துக்குள் காற்று எழும் வேகம் இதைப்போல் பத்து, இருபது மடங்கு. அப்படியானால் மலையின் பங்கு அற்பம் என்று தோன்றும். ஆனால் இடிமேகம் ஓரிடத்தில் அரைமணியோ ஒரு மணியோ நின்றுவிட்டு நகர்கிறது, மலை நகர்வதில்லை. காற்று வீசும் காலமெல்லாம் அதே இடத்தில், அதே அரை மீட்டர் வேகத்தில் ஈரம் மேலேற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். மேலேற்றப்பட்ட ஈரம் உடனே விழுவதும் இல்லை. மேகத்துளிகள் மழைத்துளிகளாகத் திரள்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் விநாடி என்ற அளவில் காலம் பிடிக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஸ்மித் 2004இல் பார்ஸ்டாடுடன் சேர்ந்து உருவாக்கிய எளிய கணித மாதிரியில் இந்தக் காலத்தாமதம் ஒரு முக்கிய உறுப்பு. ஆயிரம் விநாடிக்குள் மேற்சொன்ன காற்று 10 கி.மீ. நகர்ந்துவிடும். எனவே அகலம் குறைந்த மலையாக இருந்தால் அது எழுப்பிய மழை அதன் மறுபக்கத்தில் போய் விழலாம். உச்சியில்தான் மழை மிகுதி என்று பொதுவாக நம்புவது பல நேரங்களில் பொய்த்துப்போவதற்கு இது ஒரு காரணம்.

காற்று மலையின் மேல் ஏறுமா, அல்லது மலையைச் சுற்றிக்கொண்டு போகுமா என்பதும் முன்கூட்டியே தீர்ந்த விஷயம் அன்று. காற்றடுக்கு நிலைப்புத்தன்மை உடையதாகவும் (அதாவது எளிதில் மேலெழாததாகவும்) வேகம் குறைந்ததாகவும் இருந்தால் அது மலையடியில் தேங்கும், அல்லது பக்கவாட்டில் விலகும். ஈரம் செறிந்து, வேகம் மிகுந்து, நிலைப்புத்தன்மை குறைந்திருந்தால் தடையின்றி ஏறும். 1999இன் இலையுதிர் காலத்தில் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நடைபெற்ற பன்னாட்டு ஆய்வின் பதிவுகளைக் கொண்டு சோகொரோ மெதினாவும் ஹௌஸும் இவ்விரண்டு நிலைகளையும் எதிரெதிரே வைத்துக் காட்டினர். தடையின்றி ஏறிய காற்றில், முதல் சிகரங்களின் மேலேயே மேகத்துளிகள் திரண்டு, பனித்துகள்கள் கனத்து, மழை அங்கேயே விரைவாக இறங்கியது. தேங்கிய காற்றிலோ, கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் இடையில் காற்றின் வேக வேறுபாடு மிகுந்து, அந்த எல்லையில் எழும் சுழிப்புகளே துளிகள் வளர உதவின. ஒரே மலைத்தொடர், வந்த காற்று மட்டும் வேறு.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் இந்த ஆராய்ச்சியில் பழைய இடம் பெற்றது. இந்திய வானிலை அறிவியலாளர் சர்க்கார் 1960களிலேயே அந்த மலைச்சரிவில் தென்மேற்குப் பருவமழை எவ்வளவு பெய்ய வேண்டும் என்று கணித மாதிரியால் கணக்கிட்டார். 1984இல் கிராஸ்மனும் டுரானும், மலையின் செல்வாக்கு மலையடியில் தொடங்குவதில்லை, கரைக்கு அப்பால், அரபிக்கடலின் மேலேயே காற்றின் வேகம் குறைந்து மேகங்கள் எழுவதில் அதற்குப் பங்கு உண்டு என்று வாதிட்டனர். டிரிம் ரேடார் மேலிருந்து பார்த்தபோது இன்னொரு வியப்பு காத்திருந்தது: இவ்வளவு மழை பெறும் அந்தச் சரிவுகளின் மழைமேகங்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. மேகம் எவ்வளவு உயரமோ மழையும் அவ்வளவு மிகுதி என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று.

இமயமலையைப் பற்றி ஹௌஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. மிக உயரமான, மிகக் கடுமையான இடிமேகங்கள் மழை மிகுந்த கிழக்கு இமயமலையில் இல்லை. மழை குறைந்த வடமேற்கு மூலையின் அடிவாரத்தில் இருந்தன. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை ஆப்கானிஸ்தான் மேட்டுநிலத்திலிருந்து வரும் உலர்காற்று மேலிருந்து மூடிவைக்கிறது. கொதிக்கும் உலையின் மேல் இறுகப் போட்ட மூடியைப் போல அது ஆற்றலை அடக்கிவைக்க, மலையடிவாரத்தில் அந்த ஈரக்காற்று எழும்பும்போது மூடி திறக்கிறது. வங்காள விரிகுடாவை ஒட்டிய கிழக்கிலோ பரந்த அடுக்குமேக மழையே ஓங்கியிருந்தது. 2010 ஜூலையில் பாகிஸ்தானை மூழ்கடித்த மழையில், வழக்கமாகக் கிழக்கில் காணப்படும் இந்தப் பரந்த மழையமைப்பு, அதற்குப் பழக்கமில்லாத சிந்து நதியின் வறண்ட மலைச்சரிவுகளுக்கு இடம்பெயர்ந்திருந்தது என்று அவர்கள் அடுத்த ஆண்டு விளக்கினர். ஒரு நிலத்துக்கு எந்த வகை மழை பழக்கமோ அந்த வகைக்கேற்பவே அதன் ஓடைகளும் ஊர்களும் அமைந்திருக்கும். வகை மாறினால் அளவு பெரிதாக மாறாவிட்டாலும் அழிவு நேரும்.

கேப்பர் மலையை நீங்கள் சற்றுக் கிண்டலாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். சிறு மேடுகளும் மழையைக் கூட்டும் என்று காட்டியவர் ஸ்வீடன் நாட்டின் டோர் பெர்யேரான். 1960களில் உப்சாலா நகரைச் சுற்றி நெருக்கமாக மழைமானிகளை நிறுவி அளந்தபோது, சில பத்து மீட்டர் உயரமே உள்ள மேடுகளின் மேல் சுற்றுப்புறத்தைவிட மழை கூடுதலாக இருந்தது. மேலே உள்ள அடுக்குமேகத்திலிருந்து விழும் துளிகள், மேட்டின் மேல் உருவாகும் தாழ்ந்த மேகத்தின் நுண்துளிகளை வழியில் சேர்த்துக்கொண்டு கனத்து விழுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். அங்கு பெய்தது காற்றோடு சேர்ந்து நெடுநேரம் சீராகப் பெய்யும் மழை. நம் ஊரிலோ ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவில் விட்டுவிடும் வெப்பச்சலன மழையின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிது; கேப்பர் மலையோ புதுச்சேரியின் கோரிமேடோ ஏதேனும் கூட்டினாலும் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துபோகும். ஆகவே உங்கள் கிண்டல் பெரும்பாலும் நியாயமானதே.

2015 நவம்பரில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள ஒலிம்பிக் மலைகளில் ஹௌஸும் லின் மெக்மர்டியும் முன்னின்று நடத்திய ‘ஒலிம்பெக்ஸ்’ ஆய்வு தொடங்கியது. டிரிமுக்குப் பின் 2014இல் ஏவப்பட்ட செயற்கைக்கோள் மலைகளின் மேல் மழையைச் சரியாக அளக்கிறதா என்று தரையிலிருந்தும் விமானத்திலிருந்தும் சரிபார்ப்பது அதன் நோக்கம். காற்றை எதிர்கொள்ளும் சரிவில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேலும், மழைமறைவில் உள்ள ஸ்குவிம் என்னும் ஊரில் ஏறக்குறைய 400 மி.மீ. மட்டுமே பெய்யும் இடம் அது. அங்கே கிடைத்த முடிவுகளுள் நமக்குப் பயன்படக்கூடியது இது: மலை எவ்வளவு மழையைக் கூட்டுகிறது என்பது ஒரே புயலின் வெவ்வேறு பகுதிகள் அதைக் கடக்கும்போது மாறிக்கொண்டே இருக்கிறது. தாழ்வான உயரத்தில் வலுவான, வெதுவெதுப்பான ஈரக்காற்று இடைவிடாமல் பாயும் பகுதி வரும்போது கூட்டல் மிகுதி. மற்ற பகுதிகளில் குறைவு. மலைக்கென்று ஒரு நிலையான பெருக்கல் எண் கிடையாது.

அதே நவம்பரில் கடலூர் மாவட்டமும் மூழ்கிக்கொண்டிருந்தது. 9ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. பெரியகாட்டுப்பாளையம், விசூர் போன்ற ஊர்களில் ஓடைகள் சில நிமிடங்களில் பெருகி உயிர்களைக் கொண்டுபோயின. அது மலைமழை அன்று. சமவெளியில் கொட்டி, செம்மண் மேட்டிலிருந்து வழிந்து வந்த வெள்ளம். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெற்றதும் கடற்கரைச் சமவெளியிலுள்ள காயல்பட்டினமே தவிர, அதே மழையில் நனைந்த மாஞ்சோலை மலை இல்லை. மலையிருந்தால்தான் பெருமழை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

ஃபெஞ்சல் புயல் வேறு பாடம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய அது, பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதற்கு முன் 2004இல் பதிவான பழைய உச்ச அளவைப் போல் இரு மடங்குக்கும் மேல். நம்மில் பலர் அத்துடன் முடிந்தது என்று நினைத்தோம். வலுவிழந்த அந்த அமைப்பு மெல்ல மேற்கே நகர்ந்தபோதுதான், கடலூரைப் பொறுத்தவரை, உண்மையான ஆபத்து தொடங்கியது. அடுத்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. ஊத்தங்கரை எந்தச் சிகரத்திலும் இல்லை; வடக்கே ஜவ்வாது மலையும் தெற்கே கல்வராயன், சித்தேரி மலைகளும் அமைந்த இடைவெளியில் இருக்கிறது. அதே நாளில் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் அதில் பாதியளவே பெய்தது. புயலின் காற்றுவேகம் தணிந்தாலும் வங்கக்கடலிலிருந்து அது இழுத்துவந்த ஈரம் தணியவில்லை. அத்தகைய ஈரக்காற்று மலைகளுக்கிடையே நுழைந்து, மெதுவாக நகரும் சுழற்சியோடு சேர்ந்துகொண்டால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மேகங்கள் எழும். வானிலை அறிக்கையில் ‘புயல்’ என்னும் நிலையிலிருந்து ‘தாழ்வு மண்டலம்’ என்னும் நிலைக்கு இறங்குவது காற்றின் வேகத்துக்கான தரவரிசை. மழைக்கான தரவரிசை அன்று. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான்: கப்பலுக்கும் படகுக்கும் உரிய காற்றையே அது பேசுகிறது; தென்பெண்ணையின் கரையில் குடியிருப்பவருக்கு உரிய நீரைப் பேசுவதில்லை.

அந்த மழையின் நீர் சாத்தனூர் அணைக்கு வந்தது. அணையின் மொத்தக் கொள்ளளவு 7 டி.எம்.சி.யை ஒட்டியது, வடகிழக்குப் பருவமழையின் நடுவில் அது ஏற்கெனவே நிரம்பும் தறுவாயில் இருந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து கடலூரில் கடலைச் சேரும் வழியில் அந்த நீர் செய்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து 400 கி.மீ.க்கு மேல் ஓடிவரும் ஆற்றின் கடைசி ஊர் நாம். மேலே எங்கு பெய்தாலும் கணக்கு இங்கேதான் முடிகிறது.

ஊத்தங்கரையின் மழையை ரேடாரில் முன்பே பார்த்திருக்க முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். பெய்கிறது என்று பார்க்கலாம்; எவ்வளவு பெய்கிறது என்று காண்பதில்தான் சிக்கல். ரேடாரின் கதிர் தரையைத் தொடாமல் அரை பாகை சாய்வில் அனுப்பப்படுகிறது என்று கொள்வோம். பூமியின் வளைவையும் சேர்த்தால், 160 கி.மீ. தொலைவில் அந்தக் கதிரின் மையம் ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்தில் இருக்கும். காரைக்கால் ரேடாரிலிருந்து கல்வராயன் மலை அந்தத் தொலைவில்தான் உள்ளது. சென்னையிலிருந்து ஊத்தங்கரை இன்னும் தூரம். மலைச்சரிவில் துளிகள் கனப்பதோ, பெர்யேரான் காட்டியதுபோல், தரையை ஒட்டிய ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள். கதிர் கடந்துபோன பிறகு அதன் காலடியில் நிகழ்வது படத்தில் வராது. ஹௌஸ் குழுவினர் ஒலிம்பிக் மலைகளின் பள்ளத்தாக்குக்குள்ளேயே லாரியில் ஏற்றிய ரேடாரைக் கொண்டுபோய் நிறுத்தியது இதற்காகத்தான். எனவே பருவமழைக் காலத்தில் தென்பெண்ணையின் கரையில் இருப்பவர்கள், ரேடார் படத்தில் கடலூரின் மேல் நிறம் இல்லை என்று அமைதியடையாமல், ஊத்தங்கரை, அரூர் ஆகிய ஊர்களின் மழைமானி அளவையும் சாத்தனூரின் நீர்வரத்தையும் சேர்த்துக் கவனிப்பது நல்லது. இவற்றுள் மழைமானிகளின் எண்ணிக்கை கல்வராயன், ஜவ்வாது மலைகளின் கிழக்குச் சரிவில் கூட வேண்டும். உங்கள் கல்லூரியில் செய்முறைத் திட்டம் ஒன்றுக்குப் பொருள் தேடுகிறீர்கள் என்றால், அந்தச் சரிவில் உள்ள பள்ளிகளில் எளிய மழைமானிகளை வைத்து, மணிக்கணக்கு அளவை ரேடார் மதிப்போடு ஒப்பிடுவதைவிடப் பயனுள்ள பொருள் எனக்குத் தோன்றவில்லை.